சித்தாளின் குழந்தை

புதுவீடு பார்க்கச் செல்லும் நம் அன்பர்கள், சமையலறை எத்திசையில் உள்ளது, தண்ணீர் எத்தனை நாழிகை வரும் என்றெல்லாம் கேட்டறிகின்றனர். மணற்குவியலின்மேல் உறங்கும் குழந்தை யாருடையது என்று கேட்போர் அரியர். நாமும் கேட்டதில்லை.

1969-இல் டில்லி ராஜ்காட் அருகே, காந்தியடிகள் நூற்றாண்டையொட்டிக் கட்டடவேலை நடந்த இடத்தில், புழுதியில் கிடந்த குழந்தைகளைக் கண்டார் மீரா மகாதேவன் என்னும் அம்மையார். அங்கேயே ஒரு கூடாரத்தில் காப்பகம் தொடங்கினார். அதுவே ‘மொபைல் கிரெஷஸ்’ என்னும் தொண்டு நிறுவனமாக வளர்ந்தது. வேலை முடிந்ததும் காப்பகமும் வேறொரு மனைக்குப் பெயர்ந்துவிடும், பெயர்க்காரணம் அதுவே. கட்டட நிறுவனத்தார் இடமும் தண்ணீரும் மின்சாரமும் தந்து, செலவிலும் ஒரு பங்கை ஏற்பர். தொண்டு நிறுவனத்தார் பயிற்சி பெற்ற பெண்களைக்கொண்டு கைக்குழந்தை முதலாகப் பேணுவர்.

சட்டம் இல்லாமலில்லை. ஐம்பது பெண்களுக்குமேல் வேலை செய்யுமிடத்தில், ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு அறை வேண்டுமென்று 1996-ஆம் ஆண்டுக் கட்டடத் தொழிலாளர் சட்டம் விதித்தது. ஆயினும், கணவனும் மனைவியும் சேர்ந்து உழைக்க, மஸ்டர் ரோலில் கணவன் பெயரை மட்டும் எழுதும் வழக்கம் பல இடங்களில் உண்டு. பெயரில்லாதவளை எண்ணுவார் யார்? ஐம்பது நிரம்புவதேயில்லை. (சிமெண்டு மூட்டைக் கணக்கு மட்டும் ஒருநாளும் பிசகுவதில்லை!) 2020-ஆம் ஆண்டின் தொகுப்புச் சட்டத்தில் அக்கணக்கு ஐம்பது தொழிலாளர் என மாறிற்று, அதிலும் எழுதப்பட்ட பெயரன்றோ எண்ணப்படும்?

முன்பணம் கட்டுமுன், “பிள்ளைகளுக்கு அறை எங்கே?” என்று நம்மவர் கேட்டறிந்து, கிடைத்த விடையை நமக்கு எழுதியனுப்ப வேண்டுகின்றோம். வீடு வாங்குவோர் கேட்டால் கட்டுவோர் செவிசாய்ப்பர்.