மிருதங்கத்தின் மதிப்பைச் சீட்டில் எழுதுங்கள்

கேரளத்துப் பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறைக்கு வெகுதூரமில்லாத பெருவெம்பு கிராமத்தில் கடச்சிக்கொல்லர் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகச் செண்டையும் மத்தளமும் மிருதங்கமும் செய்து வருகின்றன என்பதும், பாலக்காட்டு மத்தளம் புவிசார் குறியீடு பெற்ற பண்டம் என்பதும் சங்கீத அபிமானிகள் அறிந்த சங்கதியே. முன்னாளில் வித்வானோ அவருடைய சிஷ்யனோ நேரில் வந்து, கட்டையைத் தட்டிப் பார்த்து, சுருதி சேர்கிறதா என்று பரீட்சித்து, மனம் ஒப்பிய பின் தாமே சுமந்து சென்றார்கள். இன்றோ சென்னையிலோ மதுரையிலோ இருக்கும் ஒருவர் கைப்பேசியில் நாதத்தைக் கேட்டுவிட்டுப் பணத்தை அனுப்பிவிடுகிறார். வாத்தியம் துணையின்றித் தனியே பிரயாணம் புறப்படுகிறது. தாம் வாசித்து வந்த மிருதங்கத்தை வேறொரு மாணவருக்கு விற்கும் குடும்பங்களுக்கும் இதே சிரமம்தான். வாங்குகிறவர் கடைக்காரராக இருந்தால் கிடங்கும் ஆட்களும் வைத்திருப்பார். தனி மனிதரானால் பார்சல் ஆபீசுக்கு ஆட்டோ பிடித்துப் போய், உறையைப் பிரிக்காமலே கையெழுத்திட்டு வாங்கிக்கொண்டு வருகிறார்.

மிருதங்கத்தைக் கட்டி அனுப்புவது எளிய காரியமன்று. பலாக்கட்டை கீழே விழுந்தாலும் பெரும்பாலும் தாங்கிவிடும். ஆபத்தெல்லாம் தோலுக்கும் வலந்தலையின் நடுவிலுள்ள கரும்பூச்சான கரணைக்கும்தான். கரணையின்மீது ஏதேனும் ஒன்று நெடுநேரம் அழுத்தினால் அது வெடித்துப்போகும் என்பதால், விவரமறிந்தவர்கள் பஞ்சைக் குவித்து முகத்தை அமுக்காமல், ஓரத்து விளிம்பில் மட்டும் பதியும்படி மரவளையம் ஒன்றை வைத்து, அதன்மேல் பலகையால் மூடுகிறார்கள். உடலை முதலில் பருத்தித் துணியால் சுற்றுவதே உசிதம். பிளாஸ்டிக்கை நேரே சுற்றினால், மழைக்காலத்தில் உள்ளே தங்கிய ஈரம் தோலைத் தளர்த்திப் பூஞ்சையையும் வரவழைக்கும். அதற்குமேல் கெட்டி அட்டைப்பெட்டி, மூலைகளில் தெர்மாகோல், வெளியே சாக்கு. கோணி ஊசியால் தைத்த அந்தச் சாக்கின் இரு பக்கத்திலும் கயிற்றுக் கைப்பிடி. இக்கைப்பிடியை அலட்சியம் செய்யலாகாது. விடியற்காலை முதல் மூட்டை தூக்கும் தொழிலாளிக்கு உள்ளே இருப்பது வாத்தியமா வெங்காயமா என்று தெரியாது. பிடிக்க இடமிருந்தால் பிடித்து இறக்குவார், இல்லாவிட்டால் உருட்டுவார். அவரைக் குறைசொல்வதில் நியாயமில்லை.

இவ்வளவு பத்திரமாகக் கட்ட எவருக்குத்தான் ஆசையில்லை? கட்டணக் கணக்குத்தான் குறுக்கே நிற்கிறது. கூரியர்க்காரர்கள் எடையோடு பருமனையும் அளக்கிறார்கள். நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5000 ஆல் வகுத்தால் வருவதே அவர்கள் கொள்ளும் கிலோ, உண்மை எடையைவிட அது மிகுந்திருக்குமானால். நாலாபக்கமும் இடம்விட்டு 75, 40, 40 அளவில் பெட்டி செய்தால் 24 கிலோவுக்குக் கட்ட வேண்டும். இறுக்கி 70, 35, 35 என்று குறுக்கினால் 17 கிலோ சொச்சத்தோடு போயிற்று. ஆக, ஜாக்கிரதையாகக் கட்டுபவனுக்கு ஏறக்குறைய 7 கிலோ அபராதம்! இந்தச் சிக்கனத்துக்காகப் பெட்டியைக் குறுக்குபவர்களை மூடர் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் குறைக்க வேண்டியது அவ்விடமன்று என்பதே என் அபிப்பிராயம்.

கேரள-தமிழக எல்லையைப் பற்றிய பயமும் சிலருக்கு உண்டு. வேலந்தாவளத்திலும் கோபாலபுரத்திலும் வரிக்காக வண்டியை நிறுத்திய காலம், 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்ததோடு போய்விட்டது. பயன்படுத்திய வீட்டு உபயோகப் பொருள்களுக்கு ஈ-வே பில்லும் தேவையில்லை. அஞ்ச வேண்டியது லாரி ஆபீசில் தரும் எல்.ஆர். என்னும் லாரி ரசீதுச் சீட்டைப் பற்றியே.

2007 ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டத்தின்படி, சரக்கு கெட்டுப்போனால் லாரிக்காரரின் அஜாக்கிரதையை அனுப்பியவர் ருசுப்பிக்க வேண்டியதில்லை. கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் 2011 இன் விதிகள், ஆபத்துக்கான அதிகப்படி கட்டணம் செலுத்துவதாக வெளிப்படையாக ஒப்புக்கொள்ளாதவருக்குக் கிடைக்கும் நஷ்டஈட்டைக் கட்டணத்தின் பத்து மடங்கோடு நிறுத்திவிடுகின்றன; அதுவும் அனுப்பியவர் எழுதிக்கொடுத்த மதிப்பை மிஞ்சலாகாது. 400 ரூபாய் கட்டி அனுப்பிய வாத்தியம் இரண்டாகப் பிளந்து போய்ச் சேர்ந்தாலும் 4,000 ரூபாய்க்கு மேல் கேட்க வழியில்லை. மதிப்பு என்ற கட்டத்தில், கேட்பாரும் சொல்வாருமின்றி, ஏதோ ஒரு சிறு தொகை எழுதப்பட்டிருந்தால் அதற்கும் குறைவே மிஞ்சும். விற்றவர் வாங்கியவரை நோக்க, வாங்கியவர் விற்றவரை நோக்க, நல்ல சிநேகமாகத் தொடங்கிய வியாபாரம் மனக்கசப்பில் முடிகிறது.

ஆகவே பெட்டியில் செலுத்தும் சிரத்தையில் பாதியையாவது சீட்டில் செலுத்த வேண்டும் என்கிறேன். உண்மை மதிப்பைச் சொல்லி, மிகைக் கட்டணத்தையும் கட்டி, அச்செலவை யார் ஏற்பது என்று வாங்குபவரோடு முன்னதாகவே பேசிக்கொள்வது விற்பவரின் கடமை. ஆனால் பழியை முழுவதும் அவர் தலையில் சுமத்துவது தர்மமாகாது. சீட்டின் பின்புறத்து நிபந்தனைகள் ஆங்கிலத்தில், எறும்பு ஊர்ந்தாற்போன்ற எழுத்தில் இருக்கையில், தமிழ் மட்டுமே படித்த கொழிஞ்சாம்பாறை விவசாயி எதை அறிந்து கையெழுத்திடுவார்? கேரள அரசு அலுவலகங்களுக்குத் தமிழிலேயே எழுதும் உரிமையை 1969 ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டம் இப்பகுதித் தமிழருக்கு வழங்கியிருக்கிறது. தனியார் லாரிக் கம்பெனிகளை அது கட்டுப்படுத்தாது என்பது மெய்யே. எனினும் பத்து மடங்கு வரம்பையும், புக்கிங் செய்த நாளிலிருந்து 180 நாளுக்குள் எழுத்துமூலம் நோட்டீஸ் கொடுத்தாலன்றி வழக்காட முடியாது என்பதையும் தமிழிலும் மலையாளத்திலும் பெரிய எழுத்தில் கவுண்டரில் ஒட்டிவைக்கும்படி போக்குவரத்து இலாகா உத்தரவிடுவதில் தடையொன்றும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. புக்கிங் குமாஸ்தா சீட்டு எழுதுமுன், “என்ன விலை பெறும்?” என்று வாய்திறந்து கேட்கவும் அவ்வுத்தரவே விதிக்கட்டும்.