கதையை எடுக்கும் முன் கேட்டீர்களா?

எங்கள் தம்போய்ப் பக்கம் மாணவர்கள் கைப்பேசியிலேயே குறும்படம் எடுத்து, இரண்டே நாளில் யூடியூப்பில் ஏற்றிவிடுகிறார்கள். நம் நாட்டு எழுத்தாளர்களின் கதைகளைத் தேடிப் படிப்பது மகிழ்ச்சிதான். ஆனால், எழுதியவரிடம் அனுமதி கேட்டீர்களா என்றால், "அதான் கடைசியில பேர் போட்டிருக்கோமே" என்கிறார்கள். பெயர் போடுவது நன்றி. அனுமதி வேறு.

இதே சிக்கலில் 1933-இலேயே ஒரு படம் மாட்டியது. சி.வி. ராமன் பிள்ளை 1891-இல் வெளியிட்ட புகழ்பெற்ற மலையாள நாவல் 'மார்த்தாண்ட வர்மா'. திருவிதாங்கூர் அரியணைப் போட்டிதான் கதை. நாகர்கோவிலைச் சேர்ந்த ஆர். சுந்தர்ராஜ் அதை மௌனப் படமாகத் தயாரித்தார், இயக்கியவர் பி.வி. ராவ். திருவனந்தபுரம் கேப்பிட்டல் திரையரங்கில் படம் வெளியானது. நாவலின் உரிமையோ கமலாலயம் புத்தக நிலையத்திடம் இருந்தது. அவர்கள் வழக்குப் போட்டார்கள். சில நாள்களிலேயே படம் நின்றது. நாவலாசிரியர் 1922-இலேயே மறைந்துவிட்டதால், இனி யாரைக் கேட்பது என்று நினைத்தார்களோ என்னவோ!

நம் நாட்டில் 1987 பதிப்புரிமைச் சட்டப்படி, எழுத்தாளர் மறைந்து 50 ஆண்டுகள் வரை உரிமை இருக்கிறது. ஆகவே நாம் பாடநூலில் படிக்கும் கதைகளில் பலவற்றுக்கு இன்னும் உரிமையாளர் உண்டு.

இதில் ஒரு வேடிக்கை. பதிப்பகத்திடம் முடங்கிக் கிடந்த அந்தப் படச்சுருளை 1974-இல் புனே தேசியத் திரைப்படக் காப்பகம் பெற்றது. தமிழின் முதல் மௌனப் படமான 'கீசக வதம்' அழிந்தே போனது, இதுவோ பிழைத்தது. அதனால் வழக்கும் நல்லதுதான் என்று யாராவது சொன்னால் நான் ஒப்பமாட்டேன். 40 ஆண்டுகள் யாரும் பார்க்காத படத்தால் சுந்தர்ராஜுக்கு என்ன லாபம்?

அனுமதி கேட்டால் பணம் கேட்பார்கள் என்ற பயம் நமக்கு. நம் எழுத்தாளர்கள் பலர் கைக்காசு போட்டுப் புத்தகம் அச்சிடுகிறவர்கள். மாணவர் படத்துக்கு ஆயிரக்கணக்கில் கேட்பார்கள் என்று நாமே முடிவுகட்டுவது நியாயமில்லை. கதையை மாற்றினால்தான் வலிக்கும். தோட்டத்து வீட்டை விட்டுப் போக மறுக்கும் பாட்டியின் கதையை, ஒரு குறும்படத்தில் சிரிப்புக் காட்சியாக முடித்திருந்தார்கள். எழுதியவர் பார்த்தால் என்ன நினைப்பார்?

எந்தக் கதை, எங்கே திரையிடுவோம், எதை மாற்றுவோம், பணம் வருமா என்று ஒரே பக்கத்தில் கடிதம் எழுதி, பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கேமராவை அதன் பிறகு எடுக்கலாம்.