மூங்கிலின் கணு

உலகத்தில் எதற்குப் பஞ்சம் வந்தாலும் புத்திமதிக்கு மட்டும் பஞ்சம் வருவதில்லை. "பிடித்த பிடியை விடாதே, அதுதான் மனிதனுக்கு அழகு" என்கிறார் ஒரு பெரியவர். "வளைந்து கொடு; வெள்ளத்தில் பிழைப்பது நாணல்தான்" என்கிறார் இன்னொரு பெரியவர். வேடிக்கை என்னவென்றால், பல சமயங்களில் இந்த இரண்டு பெரியவர்களும் ஒரே ஆசாமிதான்! பிடிவாதம் நம்முடையதாயிருந்தால் நாணல் உபதேசம். அவருடையதாயிருந்தால் அதற்குப் பெயர் கொள்கை.

வேடிக்கை ஒரு பக்கம் இருக்கட்டும். மனத்துக்கு ஒவ்வாத உத்தியோகத்தை விடுவதா, பொறுத்துக் கொள்வதா? பிள்ளை வேறு வழியில் போக விரும்பினால் சம்மதிப்பதா, மறுப்பதா? இத்தகைய கேள்வி எழும் இரவில் வீட்டில் யாருக்கும் தூக்கம் வருவதில்லை.

இந்தக் கேள்விக்கென்றே ஏற்பட்டதுபோல் சீன தேசத்தில் ஒரு பழைய புஸ்தகம் உண்டு. 'ஈ சிங்' என்பது அதன் பெயர். 'மாறுதல்களின் நூல்' என்று பொருள். ஆதியில் அது ஆரூட நூல். கி.மு. 213-ல் சின் சக்கரவர்த்தி பழைய நூல்களைக் கொளுத்த உத்தரவிட்டபோது, வைத்தியம், விவசாயம், ஆரூடம் பற்றிய நூல்களுக்கு மட்டும் விலக்கு அளித்தான். ஆரூடம் என்ற பெயரால் இந்நூல் தப்பியது. அதற்குள் இருந்த தத்துவமும் கூடவே தப்பியது!

முழுக்கோடு உறுதிக்கு அடையாளம். நடுவில் முறிந்த கோடு நெகிழ்ச்சிக்கு அடையாளம். ஆறு கோடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் 64 விதமான உருவங்கள் கிடைக்கும். ஆரூடம் கேட்பவர் மூன்று காசுகளை ஆறு முறை எறிந்து, கீழிருந்து மேலாக உருவத்தை அமைக்கிறார். காசின் ஒரு பக்கத்துக்கு மூன்று. மறு பக்கத்துக்கு இரண்டு. கூட்டினால் ஆறு முதல் ஒன்பது வரை வரும். ஏழும் எட்டும் நிலைத்த கோடுகள். ஆறும் ஒன்பதுமோ மாறும் கோடுகள். முறிந்தது முழுதாகும், முழுது முறியும்.

காசுக்கு வருங்காலம் தெரியும் என்று நான் நம்பவில்லை. ஆனால் இந்தக் கணக்கைச் சற்று யோசித்துப் பாருங்கள். மூன்று காசுகள் எட்டு விதமாக விழலாம். அவற்றில் ஆறு விதம் நிலைத்த கோட்டைத் தரும். இரண்டே விதம் மாறும் கோட்டைத் தரும். அதாவது முக்கால் பங்கு நிலை. கால் பங்கு மாறுதல். அந்த மாறுதலும் எப்போது? மூன்று காசும் ஒரே பக்கமாக விழும்போதுதான். உறுதி எல்லை கடந்தால் அதுவே முறிகிறது; நெகிழ்ச்சி எல்லை கடந்தால் அதுவே இறுகுகிறது. வீம்பு பிடித்தவர்கள் கடைசியில் எப்படிச் சரிகிறார்கள் என்பதைக் கண்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இந்நூலின் 32-வது உருவத்துக்கு 'ஹெங்' என்று பெயர். நிலைபேறு என்பது பொருள். நிலைபேற்றுக்கு அடையாளமாக மலையை வைத்திருப்பார்கள் என்றுதான் நாம் நினைப்போம். இல்லை, மேலே இடி, கீழே காற்று! ஓயாமல் அசையும் இரண்டைச் சேர்த்து அதற்கு நிலைபேறு என்று பெயரிட்டிருக்கிறார்கள். அசையாமல் இருப்பது நிலைபேறல்ல. அசைந்தும் தன் இயல்பை விடாமல் இருப்பதே நிலைபேறு.

60-வது உருவத்தின் பெயர் 'ஜியே'. மூங்கிலின் கணு என்பது அந்தச் சொல்லின் மூலப் பொருள். கணுவுக்கும் கணுவுக்கும் இடையே மூங்கில் வளைகிறது. கணுவிலோ கெட்டியாக நிற்கிறது. கணுவே இல்லாவிட்டால் காற்றில் நசுங்கிவிடும். உடம்பெல்லாம் கணுவானால் வளையவே வளையாது. நமக்கு நாமே எல்லை வகுத்துக் கொள்வது நன்று, ஆனால் கசந்து போன எல்லையை விடாமல் கட்டிக்கொண்டிருப்பது நன்றல்ல என்பது அப்பகுதியின் ஸாரம்.

இந்நூல் மேனாட்டில் பரவிய கதையும் இதற்கு ஓர் உதாரணம். லாவ் நாய்-ஷுவான் என்ற சீனப் பண்டிதர் அரச வம்சத்தினிடம் அழியாத விசுவாஸம் உள்ளவர். 1911-ல் புரட்சி வந்த பிறகும் அதை மாற்றிக் கொள்ளவில்லை. ஆனால் அதே மனிதர்தான், ஆயிரக்கணக்கான சீன எழுத்துக்களைக் கற்க இயலாத பாமர ஜனங்களுக்காக, உச்சரிப்பை ஒட்டிய எளிய எழுத்து முறைக்குப் பாடுபட்டவர். ஜெர்மானியர் குத்தகைக்கு எடுத்திருந்த சிங்டாவ் துறைமுகத்தில், ரிச்சர்டு வில்ஹெல்ம் என்ற ஜெர்மன் பாதிரியாருக்கு அவர் 'ஈ சிங்'கைக் கற்பித்தார். வில்ஹெல்ம் ஜெர்மன் பாஷையில் எழுதுவார். பிறகு மூலத்தைப் பாராமல் அதைத் திரும்பச் சீனத்தில் சொல்வார். பொருள் பிசகாதிருந்தால்தான் மொழிபெயர்ப்பு ஏற்கப்படும். 1914-ல் யுத்தம் வந்து வேலை நின்றது. பின்னர் பண்டிதர் திரும்பி வந்து அதை முடித்துக் கொடுத்தார். 1921-ல் அவர் காலமானார். 1924-ல் நூல் வெளியாயிற்று.

பண்டிதர் பிடித்த பிடியை விடாத முடியரசு மறைந்துவிட்டது. அந்நிய தேசத்தாருக்கு வளைந்து கொடுத்துச் செய்த காரியமோ நிலைத்துவிட்டது. ஆகவே, உறுதியாய் இருந்தால் மட்டும் போதாது. கணு எந்த இடத்தில் அமையவேண்டும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

அடுத்த முறை வீட்டில் வாதம் முற்றும்போது காசை எறிய வேண்டியதில்லை. "இது என் கணுவா, அல்லது கணுவுக்கு இடையிலுள்ள தண்டா?" என்று நம்மை நாமே ஒரு தரம் கேட்டுக் கொண்டால் போதும். வாக்குத் தவறாமை, பிறரை வஞ்சியாமை போன்ற நாலைந்து விஷயங்கள் கணுவாக இருக்கட்டும். சாப்பாட்டு வேளை, பிள்ளையின் தலைமயிர், "நான் அப்போதே சொன்னேன்" என்ற பெருமை இவையெல்லாம் வெறும் தண்டுதான். தாராளமாக வளையலாம், மூங்கில் ஒடியாது.