பேத்திக்குப் போன இரண்டு மார்க்

கணக்கு என்றதும் எழுந்து போய்விடாதீர்கள். பென்ஷனில் பத்து ரூபாய் குறைந்தால் நாம் எத்தனை மனு எழுதுகிறோம்! என் பேத்திக்கு இரண்டு மார்க் போயிருக்கிறது. நான் எழுதாமல் யார் எழுதுவார்?

பிளஸ் டூ படிக்கிறாள். பரீட்சையில் ஒரு கேள்வி: எக்ஸ் × √(எக்ஸ்+1), இதன் வகைக்கெழு என்ன? பெருக்கல் விதிப்படி போட்டிருக்கிறாள். முதலாவதின் வகைக்கெழு 1, அதை இரண்டாவதால் பெருக்கினால் √(எக்ஸ்+1). பிறகு முதலாவதை இரண்டாவதின் வகைக்கெழுவால் பெருக்கினால் எக்ஸ் / 2√(எக்ஸ்+1). இரண்டையும் கூட்டி எழுதி, கோடு போட்டு முடித்துவிட்டாள்.

விடைக்குறிப்பில் இருந்தது (3எக்ஸ்+2) / 2√(எக்ஸ்+1). இவள் எழுதியது அப்படி இல்லை. சிவப்பு மை விழுந்தது.

இரண்டும் ஒன்றுதான் ஐயா! முதல் உறுப்பையும் அதே பகுதிக்குக் கொண்டுவந்தால் மேலே 2(எக்ஸ்+1) வரும். அதோடு எக்ஸைக் கூட்டினால் 3எக்ஸ்+2. நம்பாதவர்கள் எக்ஸுக்கு 3 போட்டுப் பாருங்கள். பேத்தியின் விடை 2 + 3/4, அதாவது 2.75. குறிப்பில் உள்ள விடை 11/4, அதுவும் 2.75. சுருக்கி எழுது என்று கேள்வித்தாளில் ஒரு வார்த்தை இல்லை.

நேரில் போய்க் கேட்டேன். "நுழைவுத் தேர்வில் நாலு விடையில் ஒன்றைத்தான் டிக் செய்யவேண்டும் சார். இப்போதே பழகட்டும்" என்றார்கள். நியாயமாகத்தான் தெரியும். ஆனால் அதற்குத் தேவை தன் விடை எந்த உருவத்தில் இருந்தாலும் அடையாளம் காணும் பழக்கம். 3 போட்டுப் பார் என்று ஒரு பிள்ளைக்காவது சொல்லிக் கொடுத்தீர்களா?

வீட்டுக்கு வந்து பேத்தியிடம் கேட்டேன்: "√எக்ஸின் வகைக்கெழு 1 / 2√எக்ஸ் என்கிறாயே, ஏன்?"

"ஃபார்முலா, தாத்தா."

இரண்டு மார்க்கை விட இதுதான் எனக்கு வலித்தது.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். வகைக்கெழுவுக்குப் பிரெஞ்சில் 'தெரிவே' என்று பெயர். தெரியவே தெரியாத தெரிவே என்று நாங்கள் கேலி செய்வோம். எங்கள் கணக்கு முசியே சூத்திரத்தைத் தரமாட்டார். கரும்பலகையில் √எக்ஸ் × √எக்ஸ் = எக்ஸ் என்று எழுதிவிட்டு சாக்பீஸை என் கையில் கொடுத்தார். எக்ஸ் பூஜ்யத்தை விடப் பெரிது, √எக்ஸுக்கு வகைக்கெழு உண்டு, அதன் பெயர் 'த' என்று வைத்துக்கொள், அவ்வளவுதான் அவர் சொன்னது. இடப்பக்கம் பெருக்கல் விதிப்படி த × √எக்ஸ், திரும்பவும் √எக்ஸ் × த. ஆக 2√எக்ஸ் × த. வலப்பக்கம் எக்ஸின் வகைக்கெழு 1. அப்படியானால் த = 1 / 2√எக்ஸ். அந்த 2 எங்கிருந்து வந்தது என்று கண்ணால் பார்த்தேன். ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆகியும் மறக்கவில்லை. மனப்பாடம் செய்திருந்தால் மறந்திருப்பேன்.

இந்த விதியைத் தந்த லைப்னிட்ஸே முதலில் தடுமாறியவர். 1675 நவம்பரில் பாரிஸில் இருந்தபோது, பெருக்கலின் வகைக்கெழு என்பது வகைக்கெழுக்களின் பெருக்கல்தானோ என்று தன் குறிப்பில் எழுதிப் பார்த்தார். சரிவரவில்லை என்று அவரே கண்டுகொண்டார். 1684ல் அவர் வெளியிட்ட கட்டுரையின் தலைப்பே, பின்னமோ மூலக்குறியோ இந்த முறைக்குத் தடையில்லை என்று சொல்கிறது. எழுதிப் பார்க்கவும் தப்பு செய்யவும் திருத்தவும் அவருக்கு இடம் இருந்தது. சரியாகச் செய்த என் பேத்திக்கு அது கூட இல்லை.

இவ்வளவு சொல்ல எனக்கு யோக்கியதை உண்டா என்றால், கொஞ்சம் குறைவுதான். குமாஸ்தாவாக இருந்தபோது ஒரு வயதான அம்மாளின் மனுவை "உரிய படிவத்தில் சமர்ப்பிக்கவும்" என்று இரண்டு தரம் திருப்பினேன். வெள்ளைத்தாளில் எழுதியிருந்தார்கள். மூன்றாம் தரம் அந்த அம்மாள் பஸ் பிடித்து வந்து நின்றபோது என் மேலதிகாரி கேட்டார்: "இதில் எந்த விவரம் குறைகிறது?" எனக்குப் பதில் இல்லை. எல்லா விவரமும் முதல் தாளிலேயே இருந்தது. நான் படிக்கவில்லை. படிவத்தோடு ஒத்துப் பார்த்தேன், அவ்வளவுதான்.

விடைத்தாள் திருத்துகிறவர்களும் அதைத்தான் செய்கிறார்கள். பிள்ளை எழுதியதைப் படிப்பது வேறு, குறிப்போடு ஒத்துப் பார்ப்பது வேறு. ஒத்துப் பார்க்க ஆசிரியர் எதற்கு? அன்றைக்கு நான் இருந்தேனே, என்னைப் போல் ஒரு குமாஸ்தா போதும்.

"ரெண்டு மார்க்தானே, விடு தாத்தா" என்கிறாள் பேத்தி. விடமாட்டேன். சரியாகச் செய்துவிட்டுத் தப்பு என்று நம்பிக்கொண்டு ஒரு பிள்ளை வீட்டுக்கு வரக்கூடாது. மறுமதிப்பீட்டுக்கு மனு கொடுத்திருக்கிறேன்.

உரிய படிவத்தில்தான்.