நிமோனியாவுக்கும் குடும்ப வரலாறு உண்டு

மருத்துவரிடம் போனால், “அப்பா அம்மாவுக்குச் சர்க்கரை உண்டா? வீட்டில் யாருக்காவது மாரடைப்பு வந்திருக்கிறதா?” என்று கேட்கிறார். “நெஞ்சில் சளி கட்டி, நிமோனியாவாகி, இளம் வயதில் யாராவது இறந்தார்களா?” என்று கேட்பவர் அரிது. கிருமியால் வரும் நோய்க்குப் பரம்பரை ஏது என்ற நினைப்புதான் காரணம். அந்த நினைப்பு தவறு.

டென்மார்க்கில் 1924 முதல் 1926 வரை பிறந்து, சிறு வயதிலேயே தத்துக் கொடுக்கப்பட்டவர்களைப் பற்றிய ஆய்வு 1988இல் வெளியானது. பெற்றவர்களில் ஒருவர் 50 வயதுக்குள் தொற்றுநோயால் இறந்திருந்தால், வேறு வீட்டில் வளர்ந்த பிள்ளையும் தொற்றால் இறக்கும் அபாயம் ஏறக்குறைய 6 மடங்கு. வளர்த்தவர்கள் தொற்றால் இறந்திருந்தாலோ, அந்த உயர்வு இல்லை. புற்றுநோயைவிடத் தொற்றில்தான் ரத்த உறவின் பிடி இறுக்கமாக இருந்தது. இதைப் படித்த யாரும் வியக்காமல் இருக்க முடியாது.

நிமோனியாவை உண்டாக்கும் நிமோகாக்கஸ் கிருமி, நல்ல உடல்நிலையில் உள்ள பலரின் மூக்கிலும் தொண்டையிலும் சும்மா குடியிருப்பதுதான். சிலருக்கு மட்டும் அது நுரையீரலுக்குள் இறங்குவது ஏன்? அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகக் குழு, நோயாளிகளின் மருத்துவப் பதிவுகளை மரபணுத் தகவலோடு சேர்த்துப் பார்த்து 2021இல் விடையின் ஒரு பகுதியைத் தந்தது. ஆப்பிரிக்க வம்சாவளியினரிடம் முன்னால் நின்றது அரிவாள் செல் சோகைக்குக் காரணமான ஹீமோகுளோபின் மரபணு.

இது நமக்குத் தொலைவான செய்தி அல்ல. இந்தியாவில் அரிவாள் செல் முதன்முதலில் கண்டறியப்பட்டது 1952இல், நீலகிரிப் பழங்குடியினரிடம்தான். பெற்றோர் இருவரிடமிருந்தும் இந்த மரபணு வந்தால், வளைந்த சிவப்பணுக்கள் மண்ணீரலின் நுண்குழாய்களை அடைத்து, நாளடைவில் அதைச் சுருங்க வைக்கின்றன. நிமோகாக்கஸ் போன்ற உறையுள்ள கிருமிகளை ரத்தத்திலிருந்து வடிகட்டும் உறுப்பே மண்ணீரல்தான்.

எல்லாவற்றையும் மரபணுவின் தலையில் கட்டிவிடவும் கூடாது. 15ஆவது குரோமோசோமில் நிமோனியாவோடு தொடர்புள்ளதாகத் தெரிந்த ஒரு பகுதி, நிகோடின் பழக்கத்தைக் கூட்டும் பகுதியும்கூட. பீடியை விட்டவருக்கு அந்த மரபணுவால் வரும் கேடு குறைய வாய்ப்பு உண்டு. ஓரிடத்தில் கண்டது இன்னோர் இடத்தில் பொருந்தாமலும் போகலாம். கோவிட் நுரையீரல் பாதிப்பை மோசமாக்கும், நியாண்டர்தால் என்ற பழைய மனித இனத்திடமிருந்து வந்த மரபணுத் துண்டு, தெற்காசியர்களில் பாதிப் பேரிடம் இருப்பதாக 2020இல் மரபணு ஆய்வாளர்கள் ஸ்வாந்தே பேபோவும் ஹியூகோ ஸெபெர்க்கும் எழுதினார்கள். பலர் பதறினார்கள். ஆனால் அடுத்த ஆண்டே இந்திய ஆய்வாளர்கள், தெற்காசியாவில் அதற்கும் நோயின் கடுமைக்கும் தொடர்பு தெரியவில்லை என்றார்கள். ஐரோப்பியரிடம் கண்டதை அப்படியே நம் மீது போர்த்த முடியாது. நம் மக்களிடம் நாமே ஆராய வேண்டும்.

அதுவரை கைகட்டி இருக்கத் தேவையில்லை. நிமோகாக்கல் தடுப்பூசி 2021 முதல் நாடு முழுவதும் குழந்தைகளுக்கு இலவசம். பெரியவர்களுக்கு அரசின் இலவசத் தடுப்பூசி அட்டவணையில் இடமில்லை. 2023இல் தொடங்கிய அரிவாள் செல் ஒழிப்புத் திட்டத்தில், 40 வயது வரை உள்ள பழங்குடியினருக்குப் பரிசோதனை நடக்கிறது. நோய் உறுதியானவரிடம் முடிவை மட்டும் கொடுத்து அனுப்பாமல், நிமோகாக்கல் தடுப்பூசியையும் அங்கேயே போட்டு அனுப்ப வேண்டும்.