குடும்பப் பக்கம்: வேம்பும் வீட்டு விலையும்

பணி நிமித்தமாக நாகபுரிக்கு வந்த நம்மில் பலர், கடன்பட்டேனும் சிறு மனை வாங்கி வீடு கட்டிக்கொண்டுள்ளோம். 60 வயதில் ஓய்வு பெற்றதும் அதனை விற்றுவிட்டு ஊர் திரும்ப எண்ணுவோரும் உளர். அந்நாளில் கிடைக்கும் விலையை வீட்டைச் சுற்றியுள்ள மரஞ்செடிகளும் ஓரளவு தீர்மானிக்கின்றன என்பதைச் சென்ற கோடையில் கண்கூடாகக் கண்டோம்.

நம்முடன் பணியாற்றி ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் தம் வீட்டை விற்க முனைந்தார். மேற்கு வேலியோரம் அவருடைய காலஞ்சென்ற துணைவியார் நட்ட வேம்பு ஒன்று நின்றது. "வாங்குபவர் கார் நிறுத்த இடம் கேட்பாரே, வெட்டிவிடலாமா?" என்று நம்மை வினவினார். சற்றுப் பொறுக்குமாறு வேண்டினோம். மகாராஷ்டிரத்தின் 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி, நகர எல்லைக்குள் சொந்த மனையில் நிற்கும் மரத்தையும் முன் அனுமதியின்றி வெட்டலாகாது என்பதையும் நினைவூட்டினோம்.

மே மாதத்தில் ஒரு நாள் பிற்பகல், ஒரு குடும்பத்தார் வீடு பார்க்க வந்தனர். இவ்வூரின் மே வெயில் 45 பாகையையும் தாண்டுவதுண்டு. வேம்பின் நிழல் மேற்குச் சுவரைக் காத்தமையால் உள்ளறையில் அனல் தணிந்திருந்தது. வந்த அம்மையார் வேம்படியில் அமர்ந்தவர், எழுந்திருக்க மனமின்றி இருந்தார்.

வீட்டின் பின்புறத்திலோ நிலைமை வேறு. சுவருக்கு நான்கடி தொலைவில் நாட்டு வாதுமை ஒன்று. அதன் எதிரே சுவரில் நீண்ட விரிசல். இங்குள்ள கரிசல் மண் மழையில் உப்பும், கோடையில் சுருங்கும். அருகிலுள்ள பெருமரத்தின் வேர்கள் ஈரத்தை உறிஞ்சுவதால் சுருக்கம் மிகுகிறது; அடித்தளம் இறங்கிச் சுவர் பிளக்கிறது. வந்தவர் அவ்விரிசலைச் சுட்டியே விலையைக் குறைத்தார். வேம்பு ஈட்டியதில் ஒரு பங்கை வாதுமை விழுங்கிற்று!

கணக்கெழுதும் நமக்குத் தேய்மானம் என்பது பழகிய சொல். கட்டடத்துக்கு ஆண்டுதோறும் தேய்மானம் உண்டு; உரிய இடத்தில் நட்ட மரமோ ஆண்டுதோறும் வளர்கிறது. ஆனால் விற்கும் ஆண்டில் நட்டால் நிழல் கிட்டாது. பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பே நடவேண்டும். பெருமரமாயின் சுவரிலிருந்து 25 அடியேனும் தள்ளி, மேற்குப் புறத்தில் நடுக. இடம் குறுகியதாயின் கறிவேப்பிலை, எலுமிச்சை, பவழமல்லி போதும். நீர்த்தொட்டிக்கும் கழிவுநீர்க் குழாய்க்கும் அருகே எதனையும் நடவேண்டா.

பத்திரம் பதிவான அன்று, பெரியவர் வாங்கியவரிடம் ஒன்றே கேட்டார்: "வேம்புக்கு முதற்கோடையில் மட்டும் தண்ணீர் விடுங்கள்." முதிர்ந்த வேம்புக்கு அது தேவையில்லை என்பதை அவரும் அறிவார். நாமும் ஒன்றும் கூறவில்லை.