கையெழுத்துக்கு முன் கணக்கு

2018ஆம் ஆண்டு ஜனவரி 4ந் தேதி தமிழ்நாட்டில் சர்க்கார் பஸ்கள் நின்றன. எட்டு நாள் ஜனங்கள் தெருவில் தவித்தனர். அன்று இரு தரப்பாருக்கும் இடையே நின்ற பெரிய வித்தியாசம் 0.13! சம்பளத்தை 2.57ஆல் பெருக்க வேண்டுமென்றன தொழிற்சங்கங்கள், 2.44க்கு மேல் இயலாதென்றது சர்க்கார். பழைய விகிதத்தில் 10,000 ரூபாய் பெற்றவருக்கு இது மாதம் 1,300 ரூபாய். குடும்பம் நடத்தும் டிரைவருக்கு அது சிறு தொகையன்று. லட்சத்துக்கு மேற்பட்ட சிப்பந்திகளுக்குக் கொடுக்க வேண்டிய கழகங்களுக்கும் சிறு தொகையன்று. ஹைகோர்ட்டு தலையிட்டு மத்தியஸ்தரை நியமித்த பின்னரே, 11ந் தேதி வேலைநிறுத்தம் முடிந்தது. 20ந் தேதி டிக்கெட் கட்டணம் உயர்ந்தது.

இந்த ஒப்பந்தங்களில் கையெழுத்திடுவோர் இரு தரப்பார். பணம் கொடுப்பவரோ மூன்றாமவர். பஸ் ஏறும் பிரயாணியும் வரி செலுத்தும் பிரஜையுமே அவர். தாம் காணாத பத்திரத்துக்கு அவர் கடனாளியாகிறார். இத்தகைய பத்திரத்தை எந்த வக்கீலும் தம் கட்சிக்காரரை ஏற்கச் சொல்லமாட்டார்.

கழகங்கள் நஷ்டத்தில் ஓடுகின்றன, எங்கிருந்து கொடுப்பது என்று ஒவ்வொரு முறையும் கேட்கிறார்கள். நஷ்டம் மெய்யே. 2021 ஆகஸ்டில் அப்போதைய நிதி மந்திரி பழனிவேல் தியாகராஜன் வெளியிட்ட வெள்ளை அறிக்கை, பஸ் ஒரு கிலோமீட்டர் ஓடினால் 59 ரூபாய் 15 காசு நஷ்டம் என்று கூறிற்று. அதில் சம்பளம் எவ்வளவு, டீசல் எவ்வளவு, கடனுக்கு வட்டி எவ்வளவு, வரும்படி இராதென்று தெரிந்தே குக்கிராமத்துக்கு விடும் பஸ்ஸினால் எவ்வளவு? இதைப் பிரித்துக் காட்டாமல் தொழிலாளியைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது நியாயமாகாது. அவ்வாண்டு மே மாதம் சாதாரணக் கட்டண நகரப் பஸ்களில் பெண்களுக்கு இலவசப் பிரயாணம் அளித்தபோது, அதற்கெனத் தனியே மானியம் ஒதுக்கினார்கள். நல்ல முறை. ஒன்றுக்குச் செய்ததை மற்றவற்றுக்கும் செய்வதில் என்ன தடை?

சங்கத் தலைவர்களும் கணக்கு வெளிவருவதை அஞ்ச வேண்டியதில்லை. ஓய்வு பெற்றோருக்குச் சேரவேண்டிய பணம் நிலுவையில் கிடந்தது 2018இல் அவர்களே எழுப்பிய குறை. கணக்கு மறைவாயிருந்தால் முதலில் நஷ்டமடைபவர் யாரென்பது அவர்களுக்குத் தெரியும்.

2005ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டம், ஒவ்வோர் அலுவலகமும் தன் சிப்பந்திகளின் மாதச் சம்பளத்தையும் செலவுத் திட்டத்தையும், எவரும் மனுப்போடாமலே வெளியிட வேண்டுமென 4வது பிரிவில் விதிக்கிறது. ஆகவே, கொடுத்துவரும் சம்பளம் இரகசியமன்று. கொடுக்கப்போகும் சம்பளம் மட்டும் ஏன் இரகசியம்? அடுத்த ஒப்பந்தத்தின் நகலை, ஆண்டுதோறும் ஆகும் செலவு, அதற்குப் பணம் வரும் வழி, பழைய பாக்கி ஆகியவற்றுடன், கையெழுத்தாவதற்கு முப்பது நாள் முன்னர் தமிழில் அச்சிட்டு ஒவ்வொரு பஸ் டிப்போவிலும் ஒட்டச் சொல்கிறோம். இதற்குப் புதுச் சட்டம் வேண்டாம். மந்திரியின் ஓர் உத்தரவு போதும்.